கிரேக்கத்துப் பெண்களும் எங்கள் கடப்படியும்

எங்கள் வீட்டில் ஒரு கிரேக்கச் சதி நடக்கிறது என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. கடையில் ஆட்கள் பிரேக் கேபிள் கேட்டால் கிளச் கேபிளை எடுத்து நீட்டும் அளவுக்கு நம்பினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னம் ஏதென்ஸ் பட்டினத்துப் பெண்கள் ஒரு பகிடி நாடகத்தில் செய்ததை, என் மனைவியும் அவளுடைய ராத்தாவும், அதாவது அக்காவும், சாய்ந்தமருதில் செய்யப் போகிறார்கள், அதில் முதலாவதாக அடிபடப் போகிறவன் நான்தான் என்பது அந்த நம்பிக்கை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது நித்திரையே வரவில்லை.

கிரேக்கம் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் பிழையால் அல்ல. என் மனைவி உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறவள். நான் கல்முனை பஜாரில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிறவன். அவளுடைய ஆட்கள் செத்து இரண்டாயிரம் வருஷம். என்னிடம் திருத்த வரும் பைக்குகளும் ஏறக்குறைய அந்த வயசுதான். அந்த ஒற்றுமையில், இரண்டு மகன்மாரோடு, எங்கள் குடும்பம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எங்கள் ஹோலில் பெண்பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு நடக்கும். அந்த நேரத்தில் எனக்கு இரண்டு கட்டளை: இருமக் கூடாது, ஹோலைக் குறுக்கறுத்து நடக்கக் கூடாது. ஆகவே நான் குசினியில் குந்தியிருந்து, பழுதான மேசை விசிறியைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு வகுப்பைக் கேட்பேன். பரீட்சை எழுதினால் எனக்கு ஒரு சாதாரண சித்தியாவது வரும்.

அந்தச் சனிக்கிழமை அவள் நாடகக் கதை சொன்னாள்.

“போர் நடக்குது புள்ளயள். ஒரு வருஷம் ரெண்டு வருஷமில்ல, கன வருஷம். ஆம்புளயள் எல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க. ஊரில மிஞ்சினது பொம்புளயளும் கிழவன்மாரும். அப்ப ஒரு பொம்புள யோசிக்கிறா, இத நிப்பாட்ட எங்களால ஏலும் எண்டு. தன்ட ஊர்ப் பொம்புளயள மட்டும் கூப்பிடல்ல. எதிரி ஊர்ப் பொம்புளயளையும் கூப்பிடுறா. எல்லாரும் ஒண்டாச் சேந்து சத்தியம் பண்ணுறாங்க. சமாதானம் வாற வரைக்கும் புருஷன்மார அண்ட விடுறல்ல.”

ஹோலில் முதலில் ஒரு பேனை கீழே விழுந்த சத்தம். பிறகு சோற்றுப் பானை பொங்கி மூடியைத் தள்ளுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

“டீச்சர், இது சோதினைக்கு வருமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வரும். ஆனா நீங்க ‘ஒத்துழையாமை’ எண்டு எழுதினாப் போதும்.”

சத்தியம் செய்த பெண்கள் அதோடு நிற்கவில்லையாம். பட்டினத்தின் பொக்கிஷம் இருக்கிற மலையில் ஏறி உள்ளேயிருந்து கதவைப் பூட்டிவிட்டார்களாம். கிழவன்மார் விறகும் நெருப்பும் சுமந்துகொண்டு புகையடித்துத் துரத்த வந்தார்களாம். கிழவிமார் குடத்துத் தண்ணீரை அவர்கள் தலையில் கவிழ்த்தார்களாம். இன்னொரு நாடகமும் இருக்கிறதாம். அதில் பெண்கள் புருஷன்மாரின் உடுப்பைக் களவாக எடுத்து உடுத்து, பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, விடியுமுன் சபைக்குப் போய் நாட்டையே தங்கள் கைக்கு மாற்றி எடுப்பார்களாம்.

“அப்ப அந்த ஊரில பொம்புளயளுக்கு அவ்வளவு பவரா டீச்சர்?”

“அங்கதான் பகிடி. ஒண்டுமில்ல. சபையில வாய் தொறக்க ஏலா. தனக்கெண்டு ஒரு ஊடு வளவு இல்ல. மேடையில பொம்புளயா வந்து நிண்டதும் ஆம்புளயள்தான். அந்த நாடகத்தப் பொம்புளயள் பாத்தாங்களா இல்லயா எண்டே படிச்ச ஆக்கள் இன்னும் வாதாடிக்கொண்டு இரிக்காங்க. பொம்புள நாட்ட நடத்துறா எண்டாலே அந்தச் சனத்துக்குச் சிரிப்பு. ஆனா எழுதின ஆள் அந்தச் சிரிப்புக்குள்ள வெச்சு ஒண்டு சொல்லுறார். இந்தச் சண்டைய நிப்பாட்டுற புத்தி இந்த ஊரில ஒரு ஆம்புளைக்கும் இல்ல எண்டு. சண்டை நடக்கிற காலத்தில, சண்டைய நடத்துற ஆக்களுக்கு முன்னால.”

“நாடகத்தப் பாத்துப்போட்டு நிப்பாட்டினாங்களா டீச்சர்?”

“இல்ல மகள். சிரிச்சுப்போட்டு மறுகாவும் போய்ச் சண்டை பிடிச்ச. கடைசியில அந்த ஊர் தோத்துப் போன.”

பிள்ளைகள் குனிந்து கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள். எங்கள் கரையில் போர் என்ற சொல்லைக் கேட்டால், அதைப் பார்க்காத பிள்ளைகளும் குரலைக் குறைத்துக்கொள்ளும். நான் பார்த்தவன். சோதனைச் சாவடியில் ஆண்களை இறக்கிய காலத்தில், என் உம்மா என்னைப் பின்னால் விட்டுக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறா. வெயிலுக்கு அல்ல. குடைக்குப் பின்னால் ஒரு இளந்தாரி எவ்வளவு மறைவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குடை கொஞ்சமும் ஆடவில்லை. அதனால் அந்த நாடகக்காரர் சொன்னதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. “சமாதானம் வாற வரைக்கும்” என்ற சொல். ஏனென்றால் அந்த நாளில் நானும் ஒரு யுத்தத்தில் இருந்தேன்.

யுத்தத்தைச் சொல்வதற்கு முன் யுத்தபூமியைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து சேர்வான். என் மாமனார் தன்னுடைய வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளுக்கு ஒரு வீடும் இளையவளுக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி மௌத்தானார். ஆக, இரண்டு பெண்கள் பிறந்த மண்ணிலேயே அடுத்தடுத்து இருக்க, எங்கோ பிறந்த இரண்டு ஆண்கள் வந்து அயலவர்களானோம். நான் மருதமுனையிலிருந்து ஒரு பெட்டி சாறனோடு வந்தவன். ராத்தாவின் புருஷன் கடற்கரைப் பக்கத்து ஆள், மிசின் தோணிக்காரர். அண்ணன் முறை, அதனால் அவரை நான் காக்கா என்பேன். நல்ல மனிசன். பாரைமீன் பட்டால் எங்கள் குசினிக்கும் பாதி வரும். குரல் மட்டும் கடலுக்கு அளவெடுத்துத் தைத்த குரல். நிலத்தில் கொஞ்சம் பெரிசு.

காக்கா வலையும் எஞ்சினும் வைக்க எல்லையோரமாக ஒரு கொட்டில் அடித்தார். அதன் தகரம் எங்கள் பக்கம் சரிந்திருந்தது. மாரி பிறந்ததும் அந்தத் தண்ணீர் முழுவதும் நான் கழுவிக் காயவைத்த பைக் சாமான்களுக்கு மேல் விழுந்தது.

“காக்கா, உங்கட தகரத் தண்ணி என்ட வளவுக்குள்ள விழுது” என்றேன்.

“தம்பி, மழை அல்லாட. அது விழுறத்துக்கு நான் என்ன செய்ய?”

“மழை அல்லாட காக்கா. தகரம் உங்கட.”

இவ்வளவுதான் போர்ப் பிரகடனம். அதற்குப் பிறகு என் மாமரத்து இலை அவருடைய வீட்டுக் கூரைப் பீலியை அடைக்கிறது என்றார். என் மாமரம் அவருடைய கொட்டிலுக்கு முன்னமே பிறந்தது என்றேன். ஸலாம் சொல்வதை மட்டும் இருவரும் விடவில்லை, அது மார்க்கம். ஆனால் ஒரு ஸலாமை எவ்வளவு கோபமாகச் சொல்லலாம் என்பதை அந்த மாரியில் நாங்கள் இருவரும் நன்றாக ஆராய்ந்தோம்.

நான் மேசனைக் கூப்பிட்டு மதில் தொடங்கினேன். எல்லையோரம் இரண்டு வரிக் கல் எழும்பியது. நடுவில் கடப்படி மட்டும் மிச்சம். கடப்படி என்றால் வேலியில் ஆள் போய்வர விடுகிற இடைவெளி. ராத்தாவும் என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து ரோட்டால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே இல்லை. ஆணம் என்கிற குழம்புச் சட்டி, பிள்ளைகள், தேங்காய்ப் பாதி, அழுகை, ஆட்களைப் பற்றிய கதை எல்லாம் கடப்படியால்தான் போய் வரும். அடுத்த வாரச் சனிக்கிழமை மேசன் வந்து அதையும் அடைப்பதாகப் பேச்சு.

அதை மனைவியிடம் சொன்னபோது அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அப்ப ராத்தா எப்படி வாற?”

“ரோட்டால.”

“ஓம்” என்றாள். அவ்வளவுதான். சிவப்புப் பேனை தன் பாட்டில் ஓடியது.

அவள் சண்டை பிடித்தால் எனக்குப் பயமில்லை. சண்டையில் நான் பகிடி விடுவேன், அவள் சிரிப்பை அடக்குவாள், சண்டை செத்துப்போகும். “ஓம்” என்பதற்கு என்ன பகிடி விடுவது?

அந்த ஓமுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வகுப்பில் நாடகக் கதை. இப்போது என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். இரண்டு எதிரிகள். இரண்டு எதிரிகளின் பெண்சாதிமார். எதிரி ஊர்ப் பெண்ணோடும் சேர்ந்து சத்தியம் பண்ணும் கதையை, விளக்கமாக, பரீட்சைக்கு எழுதும் சொல்லோடு அறிந்து வைத்திருக்கிற ஒருத்தி. வேறு எந்த ஊர்ப் புருஷனுக்கும் இந்தத் தொல்லை இல்லை; எதிரியின் பெண்சாதி எங்கோ இருப்பாள். எங்கள் ஊரில் எதிரியின் பெண்சாதி என் பெண்சாதியின் கூடப்பிறந்த ராத்தா.

அடுத்த நாளே ராத்தா கடப்படியால் வந்தா. எனக்கு ஒரு ஸலாம். நேரே எங்கள் அறைக்குள் போனா. கதவு சாத்தியது. உள்ளே குசுகுசு. நான் செருப்புத் தேடுகிற சாட்டில் கதவருகே போனேன். குசுகுசு நின்றது. நான் விலகினேன். குசுகுசு தொடங்கியது. செருப்பு என் காலிலேயே இருந்தது.

அதற்கடுத்து மரவேலை ஓடாவி வந்து அறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனார். உள்பக்கம்.

“இதென்னத்துக்குப் புள்ள?”

“கதவு இறுகுதில்ல மச்சான்.”

எத்தனையோ மாரியாக அந்தக் கதவு இறுகவில்லை. யுத்தம் வந்ததும் இறுக வேண்டி வந்துவிட்டது.

பிறகு என் சாறன் ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. நீலக் கட்டம், மருதமுனைத் தறிச் சாறன், கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்று. புருஷன்மாரின் உடுப்பைக் களவாக எடுத்தார்கள் என்ற கதை நினைவில் தட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் மனைவியின் அலுமாரியைத் திறந்து பொய்த்தாடி இருக்கிறதா என்றும் பார்த்தேன். இருக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. ராத்தாவின் அலுமாரியில் இருக்கலாம்.

வேலிப் பக்கம் உளவு பார்க்கப் போய்த் தலையை எட்டிய நேரம் ராத்தா மீன் கழுவின தண்ணீரை எங்கள் தென்னைக்கு வீசினா. முழுவதும் என் தலையில்.

“அல்லாவே, தம்பியா? நான் தென்னைக்கு ஊத்தின” என்றா. அவ சிரிக்கவே இல்லை. கிழவிமார் குடத்தைக் கவிழ்த்த காட்சி எனக்கு நேரில் நடந்தது, சூடை மீன் வாசனையோடு.

முற்றுகைக்கு நான் ஆயத்தமானேன். ஒரு தலையணையைச் சாமான் பெட்டிக்குள் மறைத்துக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் கோப்பை கழுவினேன். துணி மடித்தேன். வட்டிலப்பம் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் வட்டிலப்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புறங்கையை என் நெற்றியில் வைத்தாள்.

“காய்ச்சலா மச்சான்?”

“இல்ல புள்ள. சும்மா ஒரு அன்பு.”

“அப்ப டொக்டருக்கிட்டப் போங்க” என்றாள்.

அந்த நாட்களில்தான் ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியது. கோபித்துக்கொண்டு போவதென்றால் நான் எங்கே போவது? மருதமுனையில் உம்மாவின் வீடு இருக்கிறது. ஆனால் அது என் தங்கச்சிக்குக் கொடுத்த வீடு. அங்கே கதிரையில் அவளுடைய புருஷன் உட்கார்ந்திருக்கிறான். நான் போனால் தேத்தண்ணி தருவார்கள், “எப்ப போற?” என்று கேட்பார்கள். எங்கள் ஊர் ஆண் உம்மாவின் வீட்டிலிருந்து பெண்சாதியின் வீட்டுக்குப் போகிறவன். இரண்டுக்கும் நடுவில் அவனுக்குச் சொந்தமாக இருப்பது ரோட்டு மட்டும். அதுவும் மாநகர சபையுடையது.

பகிடியாகத்தான் நினைக்கத் தொடங்கினேன். ஆனால் நினைத்து முடிக்கும்போது பகிடி இல்லை. இந்த ஹோலும் விசிறியும் சிவப்புப் பேனையும் “டொக்டருக்கிட்டப் போங்க”வும் இல்லாமல் எனக்கு ஒரு வாழ்க்கை கிடையாது. அதை ஒரு தகரத் தண்ணீருக்காக நானே அடைக்கப் பார்க்கிறேனோ என்று ஒரு பயம். இருந்தும் மேசனுக்கு வரவேண்டாம் என்று போன் பண்ணினேனா? இல்லை. பயம் வேறு, ரோஷம் வேறு. இரண்டும் ஒரே சாறனுக்குள்தான் இருக்கும், கதைத்துக்கொள்ளாது.

வேறு வழியில்லாமல் எதிரியைத் தேடிப் போனேன். பின்னேர அஸர் தொழுத கையோடு கடற்கரைக்குப் போனால், காக்கா தோணி நிழலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன், வழமையான கோபத்தோடு.

“வஅலைக்கும் ஸலாம்” என்றார், அதைவிடக் கோபமாக.

“காக்கா, இது மதில் விஷயமில்ல. நம்ம ரெண்டு பேர்ர விஷயம்.”

கிரேக்கக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் ஊசியை வலையில் குத்திவிட்டுக் கேட்டார்.

“ரெண்டு ஊர்ப் பொம்புளயளும் ஒண்டாவா?”

“ஓம் காக்கா. எதிரி ஊரும்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“சமாதானம் வாற வரைக்குமாம்.”

காக்கா கடலைப் பார்த்தார். புயலில் தனியாகத் தோணி விட்டவர் என்று ஊரில் பேர் எடுத்த மனிசன். முகம் ஒரு மாதிரிப் போனது. குரல் நிலத்துக்கு அளவான குரலாகிவிட்டது.

“தம்பி, கொஞ்ச நாளா அவ எனக்கு மீன் பொரிச்சுத் தாறல்ல. ஆணம் மட்டும்தான். கேட்டா, வேலை கூட எண்டுறா.”

“பாத்தீங்களா? பொரியல்லதான் தொடங்கும்.”

இரண்டு பேரும் சேர்ந்து பெருமூச்சு விட்டோம். அத்தனை நாளைக்குப் பிறகு அவருக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது நல்லாகத்தான் இருந்தது.

“அப்ப சமாதானமாகுவமா தம்பி?” என்றார்.

“ஆகுவம் காக்கா. நீங்க தகரத்தக் கழட்டுங்க.”

“நீ முதல்ல மதில உடை.”

“தகரம்தானே முதல்ல வந்த?”

“மாமரம்தான் முதல்ல வந்த எண்டு நீயே சொன்ன.”

எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கிரேக்கத்தில் அந்தப் போர் ஏன் அவ்வளவு காலம் நடந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சனிக்கிழமை வந்தது. விடியல் ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து கடப்படிப் பக்கம் பார்க்கிறேன், நிலத்தில் முளைக்கட்டைகள். ஒன்று என் மாமரத்தடியில். ஒன்று மதில் ஓரம். அதிலிருந்து கயிறு கடப்படியைத் தாண்டிக் காக்காவின் வளவுக்குள் போய், அவருடைய கொட்டிலின் நடுவால் மற்றப் பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. தூரத்திலும் தெரியட்டும் என்று ஒவ்வொரு கட்டையிலும் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது.

அந்தப் பக்கம் காக்காவும் வந்து நின்றார்.

“என்ன தம்பி இது? ராவோட ராவா என்ட கொட்டிலுக்குள்ள எல்லை போட்டிரிக்காய்?”

“நானா? நீங்கதான் என்ட மாமரத்தடி வரைக்கும் வந்திரிக்கீங்க!”

“பொய் சொல்லாத! இந்தத் துணி ஆர்ர சாறன்?”

குனிந்து பார்த்தேன். நீலக் கட்டம். மருதமுனைத் தறி. என் கல்யாணச் சாறன் துண்டு துண்டாகக் கிழிபட்டு, எனக்கெதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டு காற்றில் ஆடியது.

அந்த நேரம் பார்த்து மேசன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே வகுப்புப் பிள்ளைகள், கொப்பிகளை நெஞ்சில் அணைத்தபடி. கிரேக்க நாடகத்தில் ஒரு கூட்டம் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்குமாம். எங்களுக்கும் அது குறையில்லாமல் அமைந்தது. காக்கா கத்த, நான் கத்த, மாமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது.

ராத்தா கையில் ரொட்டி மாவோடு வந்தா. என் மனைவி சிவப்புப் பேனையோடு வந்தாள். இரண்டு பேரும் கடப்படிக்குள் ஒன்றாக வந்து நின்றார்கள்.

“கட்டய நட்டது நாங்க” என்றாள் என் மனைவி.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில், “என்னத்துக்கு?” என்றோம். அந்த மாரியில் நானும் காக்காவும் ஒத்துச் சொன்ன முதல் சொல் அது.

“புள்ளைக்கு ஊடு கட்ட” என்றா ராத்தா.

பிள்ளை என்றால் ராத்தாவின் ஒரே மகள், எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருக்கிற ஒரே பெண்பிள்ளை. ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் பேசி வந்திருக்கிறது. முடிவாகும் வரை வெளியில் விடக் கூடாத கதை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, வீடு எங்கே என்பது. ராத்தாவின் பங்கில் மட்டும் கட்டினால் இடம் போதாது. அதனால் ராத்தா காக்காவின் கொட்டில் நிற்கிற நிலத்தைக் கொடுக்கிறா. என் மனைவி மதிலடியிலிருந்து மாமரம் வரைக்கும் தன் பங்கில் கொடுக்கிறாள். நடுவில் கடப்படி. வீடு அந்த இடத்தில்.

“எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல மச்சான்” என்றாள். குரலில் கோபமே இல்லை. வகுப்பில் கதை சொல்கிற அதே குரல். “ரெண்டு மகன்மாரும் நாளைக்கு அவங்கட பொண்டாட்டிமார்ர ஊட்டுக்குப் போவானுகள். நம்மட புள்ள நம்மட கண்ணுக்கு முன்னால இரிக்கட்டும்.”

“என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லியே?” என்றேன். பிள்ளைகள் முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமே.

“நீங்க மதில் தொடங்கக்குள்ள என்னட்டக் கேட்டீங்களா?”

ஓரமாக நின்ற கூட்டம் முக்காட்டுக்குள் சிரித்தது. காக்கா தன் கொட்டிலைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் பெண்சாதியைக் கேட்டார்: “அப்ப புள்ளைக்கு முடிஞ்சா?”

“ராவு சொல்லி அனுப்பியிரிக்காங்க. விடிஞ்சதும் சொல்லத்தான் இருந்த. நீங்க கத்தத் தொடங்கிட்டீங்க.”

கடலில் புயலைப் பார்த்த கண் நிரம்பியது. அவர் அதைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார், நான்தான் அழ வைத்த மாதிரி.

மேசன் இவ்வளவு நேரமும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். “இப்ப நான் கல்லு வைக்கிறயா இல்லயா?” என்றார். என்னைப் பார்க்கவில்லை. காக்காவையும் பார்க்கவில்லை. ராத்தாவைப் பார்த்துத்தான் கேட்டார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்: வளவு யாருடைய பேரில் இருக்கிறது என்பது. போரை நடத்திய இரண்டு தளபதிகளுக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது. நாங்கள் வெட்டுக்குத்தாக நின்ற நிலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு சாண் கிடையாது.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றா ராத்தா. அவர் குடித்துவிட்டுப் போனார்.

வகுப்பு முடிந்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாள், சாறன், பொய்த்தாடி, கடையில் கிடக்கும் தலையணை. அவள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“கல்யாணக் கதைய ஊருக்கு முதல் உங்கட வாய்க்குத்தான் மறைக்க வேண்டியிரிந்த. அதுக்குத்தான் தாழ்ப்பாள். ராத்தாவுக்கு மீன் பொரிக்க நேரமில்லாம இருந்ததும் இதால. சாறன் கிழிஞ்சு கிடந்த மச்சான், தரை துடைக்க எடுத்த, பிறகு கட்டைக்கும் கட்டின.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “அந்தப் பொம்புளயள் பாவம். அவங்களுக்கிட்ட வேற ஒண்டும் இருக்கல்ல. அதாலதான் அவங்களுக்கு அப்படிச் செய்ய வேண்டி வந்த.”

“அப்ப நீங்க வெண்ட ஆக்கள்” என்றேன்.

“ஓ, வெண்ட. ஊட்டு உறுதிப்பத்திரம் எங்கட பேரில. ஊர்க் கூட்டத்துக் கதிரையெல்லாம் உங்கட பேரில. நீங்க அங்க போய் இப்படித்தானே தகரத்துக்குச் சண்டை பிடிப்பீங்க?”

அவள் அன்றைக்குச் சொன்ன அதே சொல்லை எடுத்தேன். “ஓம்” என்றேன்.

மதில் எழும்பவில்லை. கட்டின இரண்டு வரிக் கல்லும் புது வீட்டின் அத்திவாரத்துக்குள் போனது. கொட்டிலைக் காக்காவே கழற்றினார். தகரத்தின் மற்ற முனையைப் பிடித்தது நான். மாமரம் தறிபட்டது. கடப்படி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பிள்ளையின் குசினி. அதற்கு இரண்டு பக்கமும் வாசல். அந்தப் புது வீட்டுக் கூரையின் தண்ணீர் எங்கள் பக்கம்தான் விழுகிறது.